முதலில் வரையறை, பிறகு சாட்சி

தென்காசி புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில், காலை எட்டே முக்காலுக்கு, எங்கள் எச்.ஓ.டி. சார் அன்றைய பேப்பரை விரிப்பார். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு ஊரையே சுட்டுத் தள்ளியிருப்பார்கள். சார் தலைப்பைப் படிப்பார், செய்தியைக் கடைசி வரி வரை படிப்பார், பிறகு வலது கையைத் தூக்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார். சுண்டு விரல் தேசிய இனம், மோதிர விரல் இனக்குழு, நடு விரல் மரபினம், ஆள்காட்டி விரல் மதம். செத்தவர்கள் இந்த நான்கில் ஒன்றில் அடங்குகிறார்களா என்று பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் கட்டை விரலை ஆட்டுவார். அது நோக்கம். கொன்றவனுக்கு அந்தக் கூட்டத்தை, அது அந்தக் கூட்டம் என்பதற்காகவே அழிக்கும் எண்ணம் இருந்ததா? அநேகமாகக் கட்டை விரலில்தான் செய்தி தோற்கும். "இது இனப்படுகொலை இல்ல மேடம்" என்று பேப்பரை மடித்து என் பக்கம் தள்ளுவார். முகத்தில் ஒரு திருப்தி தெரியும். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து அழுகலைப் பொறுக்கி வீசுகிற வியாபாரியின் முகத்தில் அதே திருப்தியைப் பார்த்திருக்கிறேன்.

சார் போன மாதம் காலமாகிவிட்டார். கல்லூரியில் நினைவு மலர் போடுகிறார்கள். முதல்வர் எனக்குப் போன் செய்து, "நீங்கதான் கூடவே இருந்தவங்க, நாலு பக்கம் நல்லதா எழுதிக் கொடுங்க மேடம்" என்றார். நல்லதாக எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும். எளிமை, கடின உழைப்பு, மாணவர் நலன், தீராத அறிவுத் தேடல் என்று வரிசையாக அடுக்க வேண்டும். நானும் ஓய்வு பெற்ற பல பேருக்கு அப்படி அடுக்கிக் கொடுத்தவள்தான். சாருக்கு அப்படி எழுத உட்கார்ந்து இரண்டு முறை பேனாவை மூடி வைத்தேன். மூன்றாம் முறை இதை எழுத ஆரம்பித்தேன். மலரில் இதைப் போட மாட்டார்கள் என்று தெரியும். போடாவிட்டால் போகட்டும்.

நான் அவருடைய மாணவி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இரங்கல் கூட்டத்தில் ஒருவர் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார். வரலாற்றுத் துறையில் அவருக்கு நான்கு வருடம் பிந்திச் சேர்ந்தேன். ஒரே அறையில் எதிரெதிர் மேஜை. நான் ஆய்க்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து போன காலத்திலும், பிறகு குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்த காலத்திலும் அந்த மேஜைகள் இடம் மாறவில்லை. அவர் பேசுவார், நான் விடைத்தாள் திருத்துவேன். அவர் சட்டமும் படித்தவர். இனப்படுகொலை என்ற ஒரு சொல்லுக்கு எது பொருள், எது பொருள் இல்லை என்பதே அவருடைய வாழ்நாள் வேலை. உலக நாடுகள் கூடி எழுதிய உடன்படிக்கை அவருக்கு மனப்பாடம். ஒரு கூட்டத்தை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் என்று அதில் வருகிற இடத்தை அவர் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். பெண்ணுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிக்கூட இத்தனை கவலையோடு அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவருடைய வாதம் மோசமான வாதம் இல்லை. எனக்கு அவர் மேல் எத்தனை கோபம் இருந்தாலும் இதை மறைக்க மாட்டேன். "எல்லாச் சாவுக்கும் அந்தச் சொல்லையே போட்டா, நெசமாவே அது நடக்கும்போது சொல்லுததுக்குச் சொல்லு இருக்காது மேடம். பெரிய சொல்லா மேடையில போட்டுட்டு, சின்ன வேலையக்கூடச் செய்யாம இறங்கிப் போயிருவானுவ. பாத்துக்கிட்டே இருங்க" என்பார். அவர் சொன்னபடி மேடையில் போட்டுவிட்டு இறங்கிப் போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவருக்கு மதுரையில் ஓர் எதிராளி உண்டு, அவரும் பேராசிரியர். அவருடைய கட்சி நேர் எதிர். உடன்படிக்கையை எழுதியவை அரசாங்கங்கள். அரசாங்கங்கள் தங்கள் கை மாட்டாதபடிதான் எழுதும். அரசியல் காரணத்துக்காகக் கொல்லப்பட்டவர்களை வெளியே விட்டது ஏன், மொழியையும் கோயிலையும் நூலகத்தையும் அழிப்பதை எடுத்துவிட்டது ஏன், நோக்கத்தை எவன் எழுதி வைத்துக்கொண்டு கொல்கிறான் என்று கேட்பார். அதுவும் மோசமான வாதம் இல்லை. இருவரும் பல வருடம் கட்டுரைகளில் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டார்கள். தபாலில் எதிராளியின் கட்டுரை வந்தால் அன்றைக்குச் சாருக்கு மதியச் சாப்பாடு அமிர்தமாக இறங்கும்.

இந்தச் சண்டையை நேருக்கு நேர் நடத்திப் பார்க்கலாம் என்று ஒரு கருத்தரங்கு ஏற்பாடானது. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. என்ன தலைப்பாக இருந்தாலும் கருத்தரங்கைக் குற்றாலத்தில், சீசனில் வைக்க வேண்டும். கோடையில் தென்காசியில் வைத்தால் உள்ளூர்க்காரர்களே வர மாட்டார்கள். ஆனி ஆடியில் சாரல் விழும்போது குற்றாலம் என்று போட்டால் வட மாவட்டத்திலிருந்தெல்லாம் கட்டுரையோடும் குடும்பத்தோடும் வந்து இறங்குவார்கள். அழைப்பிதழில் அருவி என்ற சொல்லே இருக்காது. ஆனால் காலை அமர்வு பத்தரைக்குத்தான் தொடங்கும், மதிய இடைவேளை மூன்று மணி வரை நீளும், வந்தவர் பைகளில் கட்டுரைக்கு மேலே துண்டு இருக்கும். அந்த முறையும் அப்படித்தான் மூன்று நாள் என்று முடிவானது. தலைப்பு இனப்படுகொலையின் வரையறை. சாரும் நானும் ஒருங்கிணைப்பாளர்கள், பின்னால் வரப்போகும் தொகுப்பு நூலுக்கும் நாங்கள் இருவரே பதிப்பாசிரியர்கள்.

நான் அக்கா என்று கூப்பிடும் ஒருவரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். எங்கள் துறையில் படித்த ஒரு பெண்ணின் விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க, இங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இலங்கை அகதிகள் முகாமுக்கு ஒரு முறை போனேன். அந்தப் பெண்ணின் பக்கத்து வீட்டில் இருந்தவர் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் ஆய்கிற வேலைக்குப் போய்வந்தார். விரல் நுனிகள் எப்போதும் பழுப்பாக இருக்கும். நான் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் என்று தெரிந்ததும் என்னை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். அவருடைய ஊரில் வேலிகளுக்கு நடுவே போகும் சிறு தெருவை ஒழுங்கை என்பார்கள். "எங்கட ஒழுங்கையில இருந்த சனத்தில நான் ஒருத்திதான் மிச்சம், டீச்சர். எந்த வீட்டில ஆர் இருந்தது, ஆரை எந்த இடத்தில தாட்டது எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும். நான் செத்தா அதுவும் போச்சு. எழுதுற ஆக்களுக்கு முன்னால ஒருக்கா சொல்லோணும். அது ஒரு புத்தகத்தில வரோணும்" என்றார். தாட்டது என்றால் புதைத்தது.

என்னிடம் சொல்லுங்கள், நானே எழுதுகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்கள் ஓராள். ஓராளுக்குச் சொன்னா அது கதை. கனபேர் இருந்து கேக்கோணும். அதோட டீச்சர், இதைச் சொன்னா எனக்கு ஒரு கிழமைக்கு நித்திரை வராது. அதால ஒருக்காத்தான் சொல்லுவன்." கிழமை என்றால் வாரம். இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முகாமைச் சுற்றி எத்தனையோ பேர் வந்து படம் எடுத்துப் போயிருக்கிறார்கள், அவர்களில் யாரிடமும் அவர் வாய் திறந்ததில்லை என்று அந்த மாணவி பிறகு சொன்னாள். கருத்தரங்கு ஏற்பாடானபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அக்காதான்.

சாரிடம் சொன்னேன். அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன், மறுக்கவில்லை. யோசித்தார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். அந்த நிபந்தனையைப் போல ஒன்றைப் படித்தவர்கள் மட்டுமே யோசிக்க முடியும். வெங்காயம் ஆய்கிறவர்களுக்கோ டெம்போ ஓட்டுகிறவர்களுக்கோ அது தோன்றவே தோன்றாது. "கூப்பிடுங்க, வேண்டாங்கல. ஆனா வரையறை முடிவாகட்டும். அதுக்குப் பொறவுதான் அந்த அம்மா பேசணும். எதுக்குச் சாட்சின்னே தெரியாம ஒருத்தர் எப்படி மேடம் சாட்சி சொல்ல முடியும்? முதல்ல வரையறை, பொறவு சாட்சி. வரிசை முக்கியம்லா." அன்றைக்கு அது எனக்கும் நியாயமாகப் பட்டது. மதுரைக்காரருக்கு எழுதிக் கேட்டோம், அவரும் உடனே சம்மதித்தார். வரையறையில் தான் ஜெயித்துவிடுவோம், ஜெயித்த கையோடு சாட்சியைத் தன் பக்கம் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவருக்குக் கணக்கு. நிகழ்ச்சி நிரலில் இரண்டாம் நாள் காலை வரையறை, பதினொன்றரைக்கு நேரடிச் சாட்சியம் என்று அச்சடித்தோம்.

அந்த வருடம் மேற்கே மலையில் பேய்மழை. கருத்தரங்குக்கு முந்தின நாளே மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்ததால் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். ஐந்தருவியிலும் தடை. வந்து இறங்கிய பேராசிரியர்களின் முகங்களைப் பார்க்க வேண்டுமே. மேலே எண்ணெய் தேய்த்துக்கொண்டு லாட்ஜ் வராந்தாவில் நின்று மலையை அண்ணாந்து பார்த்தார்கள். பார்டர் பரோட்டாவும் மங்குஸ்தானும் எத்தனை முறை தின்ன முடியும்? போக்கிடம் இல்லாமல் எல்லாரும் எல்லா அமர்வுக்கும் வந்து உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர்க் கருத்தரங்கு ஒன்றில் நாற்காலி பற்றாமல் போனதை அன்றுதான் முதலில் பார்த்தேன். சார் பூரித்துப் போனார். "தலைப்போட பலம் மேடம்" என்றார்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கெல்லாம் அக்கா வந்துவிட்டார். முகாம் அதிகாரியிடம் நான் பேசி அன்று ஒரு நாளைக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தேன், சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்பிப் பேர் கொடுக்க வேண்டும். கத்திரிப்பூ நிறச் சேலையை மடிப்புக் கலையாமல் உடுத்தியிருந்தார். விரல் நுனிகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார், பழுப்பு கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. காலை எதுவும் சாப்பிடவில்லை என்றார். சாப்பிட்டால் சொல்லும்போது குமட்டும் என்று பயம். இரண்டாம் வரிசையின் ஓரத்தில் உட்கார வைத்தேன். சாரைக் காட்டி, "அவர்தான் தலைமை" என்றேன். அக்கா எழுந்து கும்பிட்டார். சாரும் மேடையிலிருந்தே பதிலுக்குக் கும்பிட்டார்.

பத்தரைக்குத் தொடங்கிய வரையறை பதினொன்றரைக்கு முடியவில்லை, பன்னிரண்டுக்கும் முடியவில்லை. மதுரைக்காரர் அரசியல் கூட்டங்களைச் சேர்க்கச் சொன்னார், சார் சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்தார். திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த சட்டப் பேராசிரியை நோக்கத்தைச் செயலிலிருந்தே ஊகிக்கலாம் என்றார், சார் கட்டை விரலை ஆட்டி மறுத்தார். பிறகு பகுதி என்ற சொல்லுக்கு வந்தார்கள். முழுதாகவோ பகுதியாகவோ அழிப்பது என்றால் எவ்வளவு அழித்தால் பகுதி? ஒரு மாவட்டமா, ஒரு ஊரா? கணிசமான பகுதியாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்சி, எண்ணிக்கை பார்க்கக் கூடாது என்று ஒரு கட்சி. பின் வரிசையிலிருந்து யாரோ, "அப்ப ஒரு தெருன்னா?" என்று கேட்டார். சார் உடனே, "தெருவையெல்லாம் சேத்தா, அப்புறம் நம்மூர்ல நடக்க ஒவ்வொரு தெருச் சண்டையும் இனப்படுகொலைதான்" என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. மதுரைக்காரரும் சிரித்தார்.

அக்கா கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தூக்குவது போல முழங்கையை மடக்காமல் தூக்கி, அப்படியே வைத்திருந்தார். சார் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க நேரம் வருது. இதை முடிச்சிட்டு வந்திருதோம்" என்றார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. அக்கா கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஹாலில் ஒரு தெரு அழிந்ததைக் கண்ணால் கண்டவர் ஒரே ஒருவர். ஒரு தெரு பகுதியாகுமா ஆகாதா என்று அந்த ஒருவரைத் தவிர எல்லாரும் பேசினார்கள்.

பன்னிரண்டரை இருக்கும். கல்லூரி அட்டெண்டர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நேரே மேடைக்குப் போய்ச் சாரின் காதில் சொல்லியிருக்கலாம், அந்த மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அய்யா, மெயின் அருவில தடைய எடுத்துட்டாவ! கூட்டம் சேருததுக்குள்ள போயிட்டா நல்லா நின்னு குளிக்கலாம்" என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டார். ஒரு நொடி எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் நாற்காலிகள் நகரும் சத்தம். சார் மைக்கைப் பிடித்து, "அமர்வு ஒத்தி வைக்கப்படுகிறது, விட்ட இடத்திலிருந்து நாளைக் காலை" என்றார். ஒத்தி வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, வேண்டாமென்றும் யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் முன்னால் செருப்பைத் தேடியவர் மதுரைக்காரர். பாதிக்கப்பட்டவர்களே வரையறுக்க வேண்டும் என்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மேஜையைத் தட்டியவர், பாதிக்கப்பட்ட ஒரே ஆளின் காலை மிதித்துக்கொண்டு வெளியே போனார்.

சார் மேடையிலிருந்து இறங்கி அக்காவிடம் வந்தார். தோளில் துண்டு ஏறிவிட்டது. "நாளைக்கு முத அமர்வு உங்களுதுதாம்மா. நிம்மதியா, அவசரமில்லாம சொல்லலாம்" என்றார். "நாளைக்கு விடமாட்டினம் ஐயா. இண்டைக்கு மட்டும்தான்" என்றார் அக்கா. சார் என்னைப் பார்த்தார். "அப்ப மேடத்துக்கிட்ட எழுதிக் குடுங்களேன், சேத்துக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த வேனை நோக்கி நடந்தார். ஓடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவர் வயதுக்கு எத்தனை வேகமாக நடக்க முடியுமோ அத்தனை வேகமாக நடந்தார். அக்கா காலியான நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "என்ர ஒழுங்கை காணாதாம், என்ன?" என்றார். போதாது என்பதற்கு எங்கள் ஊரிலும் காணாது என்றுதான் சொல்வோம். மதியச் சாப்பாட்டில் அவருக்கு ஓர் இலை முதலில் போடச் சொன்னேன், அவர் வேண்டாம் என்றார். ஒன்றரை மணி பஸ்ஸில் ஏற்றிவிடும்படி அட்டெண்டரிடம் சொல்லி அனுப்பினேன். எனக்கு வேறு வேலை இருந்தது.

மூன்றாம் நாள் வரையறை நிறைவேறியது, இரண்டு மாற்றுக் கருத்துக் குறிப்புகளோடு. குளித்து வந்தவர்கள் ரொம்ப விட்டுக்கொடுத்தார்கள். எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவுக் கருவியோடு முகாமுக்குப் போனேன். அக்கா தேநீர் தந்தார், வெங்காய விலை விழுந்துவிட்டதைப் பற்றிப் பேசினார். கருவியை மேஜையில் வைத்ததும் அதை எடுத்து என் பைக்குள்ளேயே வைத்தார். "ஒருக்கா எண்டு சொன்னனான், டீச்சர். அந்த ஒருக்கா முடிஞ்சுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

நூல் ஆறு மாதத்தில் தயாரானது. முன்னுரை சாருடையது. மெய்ப்புத் திருத்தும்போது அதில் ஒரு வாக்கியம் என் கண்ணில் பட்டது. கருத்தரங்கில் நேரடிச் சாட்சியம் எதுவும் முன்வைக்கப்படவில்லை, ஆகவே இதன் முடிவுகள் முற்றிலும் கோட்பாட்டு நிலையில் அமைந்தவை என்று எழுதியிருந்தார். தாளை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன். "இது எப்படி சார்? அவங்க வந்தாங்களே" என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வந்தாவ. முன்வைக்கலல்லா? நான் பொய்யா ஒண்ணும் எழுதலையே மேடம். எங்கன பொய் இருக்கு, காட்டுங்க." காட்ட முடியவில்லை. ஒரு சொல்லைக்கூடத் தப்பாகப் போடாமல் ஒரு மனுஷியை இல்லாமல் ஆக்கியிருந்தார். முப்பது வருடம் வரையறையில் கத்தி தீட்டிய கை அது. நான் சண்டை போட்டிருக்கலாம், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த வருடம் எனக்கு இணைப் பேராசிரியர் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது, அதற்கு ஒரு நூல் தேவை. மெய்ப்புத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஓர் ஆய்வு மாணவி தன் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தாள். அதில் எங்கள் நூலைக் காட்டி, முகாம்களுக்கு இவ்வளவு அருகே நடந்த கருத்தரங்கிலேயே சாட்சி சொல்ல யாரும் முன்வரவில்லை என்று எழுதியிருந்தாள். முன்வைக்கப்படவில்லை என்பது முன்வரவில்லை என்று ஆகிவிட்டது. அவள் தப்பில்லை. நாங்கள் கொடுத்ததைத்தான் அவள் ஒரு படி மேலே கொண்டுபோயிருந்தாள். அன்றைக்குச் சாரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "மேற்கோள் காட்டத் தெரியல இந்தப் பிள்ளைக்கு, மூலத்துல இருக்க சொல்லையே போடச் சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து டீக்கடைக்கு அவரோடு போவதை நிறுத்தினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எதிரெதிர் மேஜையில் இருந்தபடியே அவரை வெறுக்கப் பழகிக்கொண்டேன். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

இப்போது நினைவு மலரோடு அந்த நூலையும் மறுபதிப்புச் செய்யப் போகிறார்கள். மிச்சமிருக்கும் பதிப்பாசிரியர் நான் ஒருத்திதான், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள் என்று முதல்வர் கேட்டார். முன்னுரைக்குக் கீழே ஒரு குறிப்புச் சேர்ப்பேன் என்றேன். என்ன குறிப்பு என்று அவர் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி முகாமுக்குப் போனேன். பழைய தகர வீடுகள் பல இப்போது சிமெண்டுக் கூரை போட்டவை ஆகிவிட்டன. அக்கா முழங்கால் வலியால் மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். சார் இறந்ததைச் சொன்னேன். "ஐயோ பாவம், மரியாதையான மனுசன்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

புத்தகத்தில் இருந்த வாக்கியத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். இத்தனை வருடத்தில் அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. இரண்டாம் முறை படிக்கச் சொன்னார், படித்தேன். இதை மாற்றப் போகிறேன், ஒழுங்கையைப் பற்றி இப்போதாவது சொல்கிறீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். "ஒழுங்கையைப் பற்றி ஒண்டும் வேண்டாம். அது என்னோட போகட்டும். நான் வந்தனான் எண்டு எழுதுங்கோ. சொல்லுறதுக்குத்தான் வந்தனான். கை தூக்கினனான். பிறகு எல்லாரும் எழும்பிக் குளிக்கப் போட்டினம் எண்டு எழுதுங்கோ." அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். படித்துக் காட்டினேன். சரி என்று தலையசைத்தார். பேனாவை மூடப் போனேன்.

"நீங்கள் எங்க போனனீங்கள், டீச்சர்?" என்று கேட்டார். "பஸ் ஏத்திவிட அந்தப் பியோன்தானே வந்தவர்."

சமையல்காரர்கள், இலை, வந்தவர்களுக்கு ரூம் சாவி என்று எத்தனையோ சொல்லலாம். இத்தனை வருடமும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன், மேலே இந்தக் கட்டுரையிலும் வேறு வேலை இருந்தது என்றுதான் எழுதியிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வரவில்லை.

"நானும் அருவிக்குத்தான் போனேன் அக்கா" என்றேன். "ரெண்டாவது வேன்ல. மாத்துச் சேலை வீட்டுலேருந்தே கொண்டு வந்திருந்தேன்."

அக்கா காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"தண்ணி நல்லா இருந்ததோ?"

"நல்லா இருந்தது."

"அப்ப அதையும் எழுதுங்கோ" என்றார்.